தொட்டிக்குத் தாடி முளைத்த கதை

போன ஆடியில் பொள்ளாச்சி மாமா வீட்டுக்கு வந்திருந்தார். செருப்பைக் கழற்றியதும் நேராக ஹாலில் இருக்கிற மீன் தொட்டி முன்னால் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஏன் மாப்ள, தழைக்கெல்லாம் தாடி மொளச்சிருக்குது? சவரம் பண்ணி உடறதில்லையா?"

சிரித்து வைத்தேன், உள்ளுக்குள் எரிந்தது. ஏனென்றால் அது நிஜமாகவே தாடிதான். அனுபியாஸ் இலை ஓரங்களில், ஜாவா ஃபெர்ன் நுனியில், மரக்கட்டையில், ஃபில்டர் குழாயின் வாயில் என்று தண்ணீர் வேகமாக ஓடுகிற இடமாகப் பார்த்து, கறுப்பாக, அரை அங்குலத்துக்குக் கொத்துக் கொத்தாக. பிளாக் பியர்ட் ஆல்கி என்பார்கள், செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் பேச்சில் வெறும் பிபிஏ. கையால் உரித்தால் வராது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் இலை கிழியும், அது கிழியாது.

மாமா கிளம்பியதும் அம்மா ஆரம்பித்தார். அம்மாவைப் பொறுத்தவரை தொட்டிக்குள் இருக்கிற பச்சை எல்லாமே பாசி. "இந்தப் பாசியக் காசு குடுத்து வாங்கியாந்து கல்லுல நூல் போட்டுக் கட்டற, அந்தப் பாசிய பிரஷ்ஷப் போட்டுத் தேய்க்கற. உனக்கே இது நல்லாருக்குதாடா?" காசு கொடுத்து வாங்கியது ஜாவா மாஸ் என்கிற அலங்காரச் செடி. இதற்கு என்ன பதில் சொல்வது, தெரியவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

எங்கள் ஊர் பல்லடம் பக்கம். தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மண்ணும் கல்லும் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். தண்ணீர் என்றால் எங்கள் பக்கம் இரண்டு தண்ணீர், உங்களுக்கே தெரியும். போரில் வருவது உப்புத் தண்ணி, என் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 1,400 காட்டும். குழாயில் எப்போதாவது வருவது நல்ல தண்ணி. இரண்டையும் கலந்துதான் தொட்டிக்கு ஊற்றுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கிற நண்பனுக்கு சிறுவாணி, அவனுக்கு நேர் எதிர்க் கவலை, தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்று கால்சியமும் மெக்னீசியமும் வாங்கிப் போடுகிறான். சிறுவாணித் தண்ணி குடித்து வளர்ந்தவனுக்கு அதிலும் ஒரு குறை!

மாமா வருவதற்கு வெகு முன்னாலேயே, தாடியைப் பார்த்ததும் தண்ணீரின் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். உப்புத் தண்ணியைக் குறைத்து நல்ல தண்ணியைக் கூட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் எல்லோரும் செய்கிற தவறைச் செய்தேன், அதாவது உரத்தை நிறுத்தினேன். பாசியும் செடிதானே, சோற்றை நிறுத்தினால் செத்துப் போகும் என்ற கணக்கு. ஒரே மாதத்தில் ஹைக்ரோஃபிலாவின் அடி இலைகளில் ஓட்டை விழுந்தது, ரொட்டாலா வளர்வதை நிறுத்தியது, தாடி மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. பாசிக்கு வேண்டியது துளியோ துளி, அது மீன் கழிவிலிருந்தே கிடைத்துவிடும். பட்டினி கிடப்பது செடி மட்டும்தான். பட்டினி கிடந்து அழுகுகிற இலையிலிருந்து கசிவதும் பாசிக்குத்தான் போகும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1990களில் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர், தண்ணீரில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தினால் பாசி அடங்கும் என்று எழுதினார்கள், வெகுநாள் அது வேதவாக்காக இருந்தது. பிறகு டாம் பார் என்ற அமெரிக்கர், செடி நிறைந்த தொட்டியில் பாஸ்பேட்டை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்து, பாசி வரவில்லையே என்றார். உரத்தைத் தாராளமாகப் போடு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றிவிடு, மிச்சம் மீதி சேராது என்பதுதான் அவர் முறை. உப்புத் தண்ணி ஊர்க்காரனுக்கு வாரம் 75 லிட்டர் மாற்றுவது எளிதல்ல, ஆனாலும் மாற்றுகிறேன். எடுத்த தண்ணீர் வாழைக்குப் போகிறது, வீணில்லை.

உரம் வாங்க மீன் கடைக்குப் போக வேண்டாம், இதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். சொட்டுநீரில் விடுகிற 13:0:45 (தழை, மணி, சாம்பல் சத்தின் அளவு) இருக்கிறதே, அது பொட்டாசியம் நைட்ரேட். 0:52:34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். மீன் கடையில் சின்ன பாட்டிலில் கலர் தண்ணீராக விற்பதில் முக்கால்வாசி இதுதான். அப்பா தக்காளிக்கு வாங்கி வைத்த பாக்கெட்டிலிருந்து ஒரு டப்பா எடுத்தேன், வருஷம் முழுக்கத் தீராது. என் 150 லிட்டருக்கு ஒன்றரை கிராம் 13:0:45 போட்டால் நைட்ரேட் சுமார் 6 பிபிஎம் (லிட்டருக்கு 6 மில்லிகிராம்) ஏறும், 0.2 கிராம் 0:52:34 போட்டால் பாஸ்பேட் ஏறக்குறைய 1 பிபிஎம். வாரம் மூன்று முறை போடுகிறேன். நகை நிறுக்கிற மாதிரி சின்னத் தராசு ஒன்று வேண்டும், குத்துமதிப்பாகப் போடாதீர்கள். ஆனால் பக்கத்திலேயே 19:19:19 பாக்கெட் இருக்கும், அதைத் தொட்டிக்குள் காட்டவே கூடாது. அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு. அம்மோனியா மீனுக்கு விஷம், பாசிக்கு விருந்து. 12:61:0-வும் அதே கதைதான், அது மோனோ அம்மோனியம் பாஸ்பேட்.

சரி, உரத்தை மறுபடி ஆரம்பித்தாயிற்று. செடி தேறியது, தாடி போகவில்லை.

அடுத்து மருந்து. மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் லேபிளைப் படியுங்கள்: நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம், 20 வால்யூம் என்று போட்டிருக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிற அளவெல்லாம் 3 சதவீதத்துக்கு. அப்படியே எடுத்து ஊற்றினால் இரண்டு மடங்கு, மீன் மிதக்கும். சரிபாதி தண்ணீர் கலந்துகொள்ள வேண்டும். அனுபியாஸைக் கல்லோடு வெளியே எடுத்து, தாடி இருக்கிற இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் தடவி, ஐந்து நிமிஷம் விட்டு, நல்ல தண்ணியில் அலசி உள்ளே வைத்தேன். தொட்டிக்குள்ளேயே அடிப்பதென்றால் ஃபில்டரை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் தாடியின் மேல் மெதுவாக விட வேண்டும்; அந்த 3 சதவீதக் கரைசல்கூட 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லிக்கு மேல் வேண்டாம்.

இரண்டு நாளில் ஒரு அழகான காட்சி. கறுப்புத் தாடி செக்கச்செவேல் என்று ஆகிவிடும். இந்தப் பாசி உண்மையில் சிவப்புப்பாசிக் குடும்பம். பச்சையம் போனதும் உள்ளே இருக்கிற சிவப்பு நிறமி தெரிகிறது. நோன்பு சமயத்தில் பால் ஊற்றிச் செய்து தருவார்களே கடல்பாசி, அதுவும் சிவப்புப்பாசியிலிருந்து எடுப்பதுதான், தூரத்துச் சொந்தம். இதை வீட்டில் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. சிவந்தது பிறகு வெளுக்கும், வெளுத்ததை இறாலும் மீனும் மேயும். மொத்தத் தாடியும் பத்து நாளில் போனது. மூன்றாவது வாரம் புதுத் தாடி.

இந்த நேரத்தில்தான் கோழிப்பண்ணை வைத்திருக்கிற சித்தப்பா பையன் உதவிக்கு வந்தான். மீன் கடையில் லிக்விட் கார்பன் என்று விற்பது, தாடிக்கும் ஊற்றுவார்களே, அது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடுதான் என்று எங்கோ படித்துவிட்டு, "அண்ணா, அது எங்க பண்ணையில அஞ்சு லிட்டர் கேனாவே கெடக்குது, எடுத்துட்டு வரட்டுங்களா?" என்றான். நல்லவேளை கேனைத் திருப்பிப் பார்த்தேன். பண்ணைக்கு அடிக்கிற கிருமிநாசினியில் குளூட்டரால்டிஹைடோடு பென்சல்கோனியம் குளோரைடும் கலந்திருக்கும். தொட்டிக்குள் அது போனால் மீனும் போகும், ஃபில்டரில் வாழ்கிற நல்ல பாக்டீரியாவும் போகும். பல்லடத்தைச் சுற்றி எத்தனை பண்ணை இருக்கிறது, இந்த யோசனை இவன் ஒருவனுக்கு மட்டும் வந்திருக்காது, அதனால்தான் எழுதுகிறேன். வெறும் குளூட்டரால்டிஹைடு என்றாலும் வாலிஸ்நேரியா செடி அதில் கரைந்து போகும், ஞாபகம் இருக்கட்டும். அந்த ஆவியை மூக்குக்கு அருகில் கொண்டு போகாதீர்கள்.

ஆவணி முதல் வாரம் என்று நினைக்கிறேன். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹால் முழுக்க வெளிச்சம். தொட்டி லைட் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

நான் வைத்திருந்த நேரம் மாலை 4 முதல் இரவு 11. கம்பெனியிலிருந்து வீடு திரும்ப 8 ஆகும், அதனால் அப்படி. நான் வரும்போது எரியும், 10:30-க்குப் படுக்கும்போதும் எரியும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். டைமரைப் போய்ப் பார்த்தேன். அது சுற்றுகிற வகை, வட்டத்தில் சின்னச் சின்னப் பல் இருக்குமே, அது. மூன்று மணி நேரம் பின்தங்கியிருந்தது. அந்த டைமருக்குள் பேட்டரி கிடையாது, கரண்டு போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும், வந்ததும் நின்ற இடத்திலிருந்து ஓடும். மாசம் ஒருமுறை காலை 9 முதல் 5 வரை நிறுத்துகிற நாளில் மறக்காமல் திருப்பி வைத்துவிடுவேன். சித்திரைக் கடைசியில் கோடை மழைக்கு அரை மணி, ஆடிக் காத்துக்குக் கால் மணி என்று போய்ப் போய் வந்ததை யார் கணக்கு வைத்தார்கள்?

இதுவே பாதிக் கதைதான். மீதி, சிஓ2 சிலிண்டரின் டைமர். வெளிச்சத்தில் செடி வளரத் தண்ணீரில் விடுகிற கார்பன் டை ஆக்சைடு அது. ஃபில்டரும் சிஓ2-வும் நிற்கக் கூடாது என்று நானே அக்கறையாக இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருந்தேன். லைட் என்ன பெரிய அவசியம் என்று அதை நேரடி லைனில் விட்டிருந்தேன். சிஓ2 மதியம் 2-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடும், ஒரு நிமிஷம் தவறாமல். லைட் இரவு 7-க்கு எரிந்து 2-க்கு அணையும். அதாவது மதியம் முழுக்க இருட்டில் சிஓ2, ராத்திரி 10-க்கு மேல் நாலு மணி நேரம் சிஓ2 இல்லாத வெளிச்சம். தினமும் ஒரே மாதிரி இருந்தால்கூடச் செடி ஏதோ பழகிக்கொள்ளும். இது வாரத்துக்கு வாரம் நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. தாடிப் பாசி எதனால் வருகிறது என்று செடித் தொட்டிக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஆனால் நிலையில்லாத சிஓ2 என்பதில் மட்டும் பெரும்பாலும் சண்டை வராது.

அதைவிட எரிச்சல், என்னை ஏமாற்றியது நான் நம்பிய கருவி. டிராப் செக்கர் என்று கண்ணாடிக் குப்பி ஒன்றைத் தொட்டிக்குள் ஒட்டியிருப்போம். 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மை அளவு) கரைசலும் இண்டிகேட்டரும் ஊற்றினால் சிஓ2 குறைவு என்றால் நீலம், 30 பிபிஎம் பக்கம் என்றால் பச்சை, அதிகமானால் மஞ்சள். (தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றாதீர்கள், எங்கள் உப்புத் தண்ணிக்கு அது காட்டுகிற நிறத்துக்கும் உண்மைக்கும் சம்பந்தமே இருக்காது.) நான் வீடு வருகிற 8 மணிக்கு அது அழகான பச்சையில் இருக்கும். நள்ளிரவில் நீலமாகிக் கிடந்ததை யார் பார்த்தது?

காலையில் அம்மாவிடம் கேட்டேன், சாயங்காலம் தொட்டி இருட்டாக இருந்ததைக் கவனிக்கவே இல்லையா என்று. "பாத்தேன். கரண்டு மிச்சம் பண்றயாக்கும்னு உட்டுட்டேன்."

பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் இரண்டு வாங்கினேன். மூன்று மாசமாக மருந்துக்கும் பிரஷ்ஷுக்கும் அழுததை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை. சிஓ2-வை லைட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் திறந்து, லைட் அணைவதற்கு ஒரு மணி முன்னால் மூடுகிறேன். லைட்டை 7 மணி நேரத்திலிருந்து 6-க்குக் குறைத்தேன், டிம்மரில் முக்கால்வாசிக்கு இறக்கினேன். இதுதான் மனசுக்குக் கஷ்டமான வேலை; தொட்டி பளிச்சென்று இருந்தால்தானே வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், எனக்கு அந்த ஆசை உண்டு, மறைக்கவில்லை. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "வெயில் படற தண்ணி பாசி புடிக்கத்தாஞ் செய்யும், தொட்டி மேல தடுக்குப் போட்டு மூடுனாப் புடிக்காது, இதுக்குப் போயி மூணு மாசமா?" என்றார். மாட்டுத் தொட்டிக்கு மாசம் ஒரு தடவை கழுவிச் சுண்ணாம்பு அடிக்கிற மனிதர். மீன் தொட்டிக்கும் அடிக்கலாமே என்று அடுத்து சொல்வதற்குள் நகர்ந்துவிட்டேன்.

தாடி பிடித்த பழைய இலை தேறாது, அதை வைத்துக்கொண்டு அழக் கூடாது. அனுபியாஸில் பாதி இலையை வெட்டி எறிந்தேன், மிச்சத்துக்கு ஒரு தடவை பெராக்சைடு. ஆறு வாரத்தில் புது இலைகள் சுத்தமாக வந்தன. காரணம் சரியான பிறகு போட்டதால்தான் அந்த மருந்தின் பலன் நிலைத்தது, முன்னால் போட்டதும் அதே மருந்துதான்.

மற்ற பாசிகளைப் பற்றிக் கொஞ்சம். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் கெட்டியாக ஒட்டுகிற பச்சைப் பொட்டு, பெரும்பாலும் பாஸ்பேட் பற்றாக்குறை, கூடவே வெளிச்சம் அதிகம். எனக்கு 0:52:34 ஆரம்பித்ததும் குறைந்தது. கண்ணாடியில் இருப்பதை பிளேடால் சுரண்டலாம், இலையில் இருப்பது இலையோடுதான் போகும். நூல் பாசியை ஒரு குச்சியில் சேமியா சுற்றுகிற மாதிரி சுற்றி எடுத்துவிடலாம், ரோசி பார்ப் மீனும் விரும்பித் தின்னும், ஆனால் மெல்லிய செடியையும் சேர்த்தே தின்னும். நீலப்பச்சைப் பாசி என்பது பாசியே இல்லை, பாக்டீரியா. நெல் வயலுக்கு உரமாக விடுவதும், அசோலா இலைக்குள் குடியிருப்பதும் அந்த இனம்தான். தொட்டியில் வந்தால் போர்வை போல மண்ணை மூடும், சேற்று நாற்றம் அடிக்கும். தண்ணீர் ஓட்டமில்லாத மூலையில், நைட்ரேட் சுத்தமாகத் தீர்ந்த தொட்டியில் வரும். உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியைக் கனமான துணியால் மூடி மூன்று நாலு நாள் முழு இருட்டில் வைத்தால் போய்விடும், காற்று பம்ப் மட்டும் ஓடட்டும், சிஓ2-வை மூடிவிடுங்கள். மாத்திரைக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அந்தத் தண்ணீர் கடைசியில் என் வாழைக்குத்தான் போகும்.

இன்னொன்று, ஜன்னல். எங்கள் ஹாலில் தெற்குப் பார்த்த ஜன்னல். சித்திரையில் சூரியன் உச்சிக்கு நேராக இருப்பதால் வெயில் உள்ளே வராது, எத்தனை கொளுத்தினாலும் தொட்டிக்கு அதனால் வெளிச்சத் தொல்லை இல்லை, சூடு மட்டும்தான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் மதிய வெயில் நேராகத் தொட்டியின் இடது பாதியில் விழும், குளிர் காலத்தில் ஏன் கண்ணாடி பச்சையாகிறது என்று இரண்டு வருஷம் புரியாமல் இருந்தேன். இப்போது கார்த்திகை பிறந்ததும் திரை.

பாசி தின்னும் என்று சக்கர் மீன் வாங்கலாமா என்று கேட்காதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன், ஒரு அடிக்கு மேல் வளரும், தின்பதைவிடக் கழிப்பது அதிகம், தாடிப் பாசியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பெரிதானதும் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், தமிழ்நாட்டு ஏரிகளில் அது பெருகிக் கிடப்பது அப்படித்தான். தாடியை மேய்வது சயாமீஸ் ஆல்கி ஈட்டர், அதுவும் சின்ன வயசில் மட்டும். கடையில் அந்தப் பெயரில் வேறு எதையாவது கொடுத்துவிடுவார்கள், உடம்பிலிருக்கிற கறுப்புக் கோடு வால் நுனி வரைக்கும் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா பையன் போன் செய்தான். ஈரோட்டில் புதுத் தொட்டி வைத்து மூன்று வாரம் ஆகிறது, இலை மேலெல்லாம் காப்பித்தூள் தூவின மாதிரி இருக்கிறதாம். டயாட்டம் என்கிற பழுப்புப் பாசி அது, புதுத் தொட்டிக்கு வருவதுதான், விரலால் தடவினால் போகும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு, தானாக நின்றுவிடும், வேறு ஒன்றும் செய்யாதே என்றேன்.

"சரிங்க மாமா," என்றான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மாமா, நேத்தே ரெண்டு சக்கர் வாங்கி உட்டுட்டனுங்க."